ஹோல்டில் கிடந்த பதினான்கு மறுப்புகள்

1. திங்கட்கிழமை காலை

ஒரு தலைவர் தேர்தலில் பதினான்கு பேருடைய மறுப்பை மூன்று நாள் அடைத்து வைத்தவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், "உங்க சர்வீஸ்லயே பெரிய அவுட்டேஜ் எது மேடம்?" என்று கேட்பதுண்டு. கேபிள் அறுந்தது, யு.பி.எஸ். புகைந்தது, ரவுட்டருக்குள் பல்லி புகுந்து கருகியது என்று சொல்ல எத்தனையோ இருக்கின்றன. ஆனால் நான் சொல்வது ஒரு மெஷின்கூட நிற்காத நாட்களின் கதையை. சர்வர் ஓடியது, லைன் இருந்தது, பச்சை விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி இருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் சென்டரில் நான் சிஸ்டம் அட்மின். நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அந்த ஃபைலில் கையெழுத்துப் போடுகிறவர் சென்டரின் தலைவர், பேராசிரியர் ஞானசேகரன்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. ஊரே பாதித் தூக்கத்தில் இருந்த திங்கட்கிழமை. ஒன்பதே கால் மணிக்கு வந்து, எங்கள் கூட்டமைப்பின் மெயிலிங் லிஸ்ட்டுடைய நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். ஒருவர் எழுதினால் எல்லா உறுப்பினர்களுக்கும் போகிற பொது மெயில் அது. ஒப்புதலுக்குக் காத்திருக்கும் கடிதங்கள் பதினான்கு என்று காட்டியது.

முதல் கடிதம் மொக்கச்சாமி அண்ணன் எழுதியது. செக்கானூரணியில் கேபிள் டி.வி. நடத்தி, பிறகு அதே கம்பியில் இன்டர்நெட்டும் கொடுக்கத் தொடங்கியவர். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். "இந்தத் தடவ எனக்கு மறுப்பு இருக்கு. நானும் தலைவருக்கு நிக்கிறேன்." வியாழக்கிழமை மாலை ஆறு பத்துக்கு அனுப்பியது. மற்ற பதின்மூன்றும் அதை ஆதரித்து வந்தவை. கோரிப்பாளையத்தில் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒருவர், "அழகர் பாக்க வந்த எடத்துல இருந்து எழுதுறேன். எனக்கும் மறுப்புதான்" என்று முடித்திருந்தார். அந்தக் கூட்டத்தில் நீந்திப் போய் ஒரு கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறார், பாவம்.

மறுப்புச் சொல்வதற்கான கெடு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணியோடு முடிந்திருந்தது. பதினான்கில் ஒன்றுகூட லிஸ்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

2. பேசாதவர்கள் எல்லாம் ஒப்புக்கொண்டவர்கள்

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரைப் பக்கம் இன்டர்நெட் நடத்தியவர்கள் எல்லோருக்கும் ஒரே வயிற்றெரிச்சல். காளவாசலில் இருப்பவர் பழங்காநத்தத்துக்கு மெயில் அனுப்பினால் அது சென்னை, பம்பாய் என்று ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். இன்னொன்று ஐ.பி. முகவரி. அது இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் வேண்டிய எண். தனித்தனியாகப் போய்க் கேட்டால் சின்ன ஆட்களை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆகவே கல்லூரிகள், இன்டர்நெட் இணைப்பு விற்கிற சின்னச் சின்ன ஐ.எஸ்.பி.க்கள், கேபிள்காரர்கள், பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்கள் என்று அறுபத்தோரு பேர் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினோம். காளவாசலில் ஒரு டயர் கடை மாடியில் கம்ப்யூட்டர் லைன்களை ஒன்றோடொன்று சேர்க்கிற ஸ்விட்ச் ஒன்றைப் பொதுவாக வைத்து எல்லோரும் அதில் இணைந்தோம். முகவரிகளை மொத்தமாக வாங்கிப் பங்கு வைத்துக்கொண்டோம். மாதம் ஒரு கூட்டம். மற்ற பேச்செல்லாம் மெயிலிங் லிஸ்ட்டில். அந்த லிஸ்ட் ஓடியது எங்கள் கல்லூரி சர்வரில். அதற்கும் அட்மின் நான்தான்.

கூட்டமைப்பின் விதிகளை எழுதியவர் ஞானசேகரன் சார். வெளிநாட்டு இணையக் குழுக்களின் விதிகளை எல்லாம் பிரிண்ட் எடுத்துப் படித்து, அடிக்கோடு போட்டு, இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினார். ஓட்டு வைத்தால் கட்சி கட்டுவார்கள், நமக்கு ஒருமித்த கருத்து போதும் என்பது அவருடைய நம்பிக்கை. தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரே விதிதான் இருந்தது. தலைவராக விரும்புகிறவர் தன் பெயரை லிஸ்ட்டில் அறிவிக்க வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் லிஸ்ட்டில் மறுப்பு வெளிவராவிட்டால் அவர்தான் தலைவர்.

வருடத்துக்கு ஒருமுறை சார் தன் பெயரை அறிவிப்பார். மூன்று நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான்காம் நாள் சார் தலைவர். நான்கு வருடம் இப்படியே போனது. இதில் எங்களுக்குப் பெருமை வேறு. சண்டை இல்லை, சச்சரவு இல்லை என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்வோம்.

தலைவருக்குச் சம்பளம் கிடையாது, கார் கிடையாது. ஆனால் மாதக் கூட்டத்தில் எந்த விண்ணப்பத்தை முதலில் எடுப்பது என்று அவர்தான் முடிவு செய்வார். மொக்கச்சாமி அண்ணன் ஒரு வருடமாக முகவரி கேட்டுக்கொண்டிருந்தார். முந்நூறு வீட்டுக்கு இணைப்புக் கொடுத்திருந்தார். முந்நூறுக்கும் சேர்த்து ஒரே ஒரு முகவரி. முந்தின வருடம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, ஒரே முகவரியிலிருந்து இத்தனை பேர் மோதுவதைப் பார்த்து, ரிசல்ட் போட்டிருந்த தளம் இதை ஏதோ தாக்குதல் என்று நினைத்து அந்த முகவரியையே தடுத்துவிட்டது. செக்கானூரணிப் பிள்ளைகள் ஒருவருக்கும் மார்க் தெரியவில்லை. பெற்றவர்கள் அண்ணன் கடை வாசலில் வந்து நின்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஒரே குறி, அடுத்த ரிசல்ட்டுக்குள் முகவரி வாங்குவது.

அவர் விண்ணப்பம் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியில் இருந்தது. கடைசிக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். முன்னால் இருந்தவை பெரும்பாலும் எங்கள் கல்லூரியின் லேப், எங்கள் கல்லூரியின் ஹாஸ்டல். சார் கெட்டவர் இல்லை. தன் கல்லூரி அவர் கண்ணுக்கு முதலில் தெரிந்தது, அவ்வளவுதான்.

3. ஹோல்ட்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குச் சார் வழக்கம்போலத் தன் பெயரை அறிவித்து மெயில் போட்டார். மறுநாள் எதிர்சேவை, மலையிலிருந்து வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு அழைக்கிற நாள். அதற்கு மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். அந்த மூன்று நாள் மதுரையில் யார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அதைத் தேர்தல் அறிவிப்பு என்றே நான் நினைக்கவில்லை. வருடா வருடம் வருகிற சுற்றறிக்கை என்று படித்துவிட்டு மூடினேன்.

ஐந்து மணிக்குக் கிளம்பும்போது லிஸ்ட்டை ஹோல்டில் போட்டேன். ஹோல்ட் என்றால், யார் எழுதினாலும் கடிதம் லிஸ்ட்டுக்குப் போகாமல் அட்மினிடம் நிற்கும். அட்மின் பார்த்து அனுப்ப வேண்டும். அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருடத் திருவிழாவின்போது இரண்டு பேர் தங்கள் மெயிலில் தானாகப் பதில் போகும்படி வைத்துவிட்டு ஊர் சுற்றப் போயிருந்தார்கள். ஒருவருடைய பதிலுக்கு இன்னொருவருடையது பதில், அந்தப் பதிலுக்கு மறுபடி பதில் என்று இரண்டு மெஷின்களும் இரண்டு நாள் லிஸ்ட்டில் பேசிக்கொண்டே இருந்தன. டிஸ்க் நிரம்பி சர்வர் விழுந்தது. அந்த அனுபவத்தில் இந்த வருடம் முன்ஜாக்கிரதையாக இருந்தேன்.

வீட்டில் சேலத்திலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். விசேஷ நாளில் இருபது பேர் ஒரே நேரத்தில் அதைப் பேசினால் கல்லூரி, சர்வர் எல்லாம் மறந்துபோகும். எனக்கும் மறந்துபோனது.

4. விதியை எடும்மா

பத்து மணிக்குச் சார் வந்தார். கையில் ஒரு தாள். "மீரா, இதை வெப்சைட்ல போட்ரும்மா" என்று நீட்டினார். மறுப்பு எதுவும் வராததால் தலைவர் பொறுப்பில் தொடர்கிறேன், ஒத்துழைப்புக்கு நன்றி என்று எழுதியிருந்தார்.

"சார், மறுப்பு வந்திருக்கு" என்றேன்.

"எங்க வந்திருக்கு? மூணு நாளா நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். லிஸ்ட்ல ஒரு ஈ காக்கா இல்லையே."

ஹோல்டில் போட்டதையும் மறந்ததையும் சொன்னேன். பதினான்கு என்றேன். சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விதியை எடும்மா. வாசி."

வாசித்தேன்.

"லிஸ்ட்டில் வெளிவராவிட்டால்னு இருக்கா?"

"இருக்கு சார்."

"வெளிய வந்துச்சா?"

"வரல சார்."

"அப்புறம்?"

"வர விடாமப் பண்ணுனது நான் சார்."

"வேணும்னா பண்ணுன?"

"சத்தியமா இல்ல சார். மறந்துட்டேன்."

சார் எழுந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட அசிங்கப்பட்டதுதான் அதிகம் தெரிந்தது. கதவுவரை போய்த் திரும்பி, "அந்தப் பதினாலுல யார் யாரு இருக்காங்கன்னு நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன். லிஸ்ட்டுக்கு அட்மின் நீ. என்ன செய்யணுமோ செய்யி" என்றார்.

இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம். என்ன செய்யச் சொல்கிறார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. என் ஃபைல் அவர் மேஜையில் இருந்தது. திரையில் ஒவ்வொரு கடிதத்துக்குப் பக்கத்திலும் இரண்டு கட்டங்கள், அனுப்பு, தள்ளு. பதினான்கையும் தள்ளிவிட்டால் விதிப்படி எல்லாம் சரியாகிவிடும். கால் மணி நேரம் அதைத்தான் யோசித்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். செக்கானூரணிப் பிள்ளைகள் அப்புறம்தான் நினைவுக்கு வந்தார்கள்.

பிறகு பதினான்கையும் அனுப்பினேன். கூடவே நானும் ஒரு கடிதம் எழுதினேன். "லிஸ்ட்டை ஹோல்டில் போட்டுவிட்டு மறந்து போனேன். இந்தக் கடிதங்கள் எல்லாம் கெடுவுக்குள் வந்தவை. தாமதத்துக்கு நான் மட்டுமே பொறுப்பு. மன்னிக்கவும்." அனுப்பிவிட்டு, கேன்டீனுக்குப் போய் ஒரு டீயை வாங்கி, குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன்.

5. "அழகரே இன்னும் மலை ஏறல"

மதியம் மொக்கச்சாமி அண்ணன் புல்லட்டில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிரிண்ட் அவுட். ஹோல்டில் நிற்கும் கடிதத்தை எழுதியவருக்கு லிஸ்ட் மென்பொருள் தானாக ஒரு குறிப்பு அனுப்பும்; உங்கள் கடிதம் நிர்வாகியின் ஒப்புதலுக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று. அதைத்தான் எடுத்து வந்திருந்தார்.

"தங்கச்சி, இதுல என்ன போட்டுருக்கு? நிர்வாகி நிப்பாட்டி வச்சுருக்காங்கன்னு. நிர்வாகி யாரு? நீங்க. உங்க ஃபைல்ல கையெழுத்துப் போடுறது யாரு? சாரு. அப்ப நான் என்னன்னு நெனைக்க?"

"அண்ணே, நான் மறந்துட்டேன்ணே. லிஸ்ட்லயே எழுதிட்டேனே."

"இப்ப எழுதுனீங்க. நான் வெள்ளிக்கிழம காலைல இருந்து இங்க போன் போடுறேன். எடுக்க ஆளு இல்ல. பதிமூணு பேருக்கு ஒவ்வொருத்தனா போன் போட்டு, எதிர்சேவைக்கு நிக்கிறவனப் பூராம் இழுத்துட்டு வந்து எழுத வச்சுருக்கேன். அழகரே இன்னும் மலை ஏறல, அதுக்குள்ள உங்களுக்குத் தேர்தல் முடிஞ்சுருச்சா?"

சர்வர் பதிவைத் திறந்து காட்டினேன். வியாழன் ஐந்து இரண்டுக்கு ஹோல்ட் போட்டது இருந்தது. அவர் கடிதம் வந்தது ஆறு பத்துக்கு. அவர் எழுதப்போகிறார் என்று தெரிந்து போட்டதில்லை என்பது அதிலேயே தெரிந்தது. குனிந்து நிதானமாகப் பார்த்தார். கேபிள் இழுக்கிறவர்களுக்கு நேரக் கணக்கு நன்றாகப் புரியும்.

"சரி, ஹோல்ட் எதுக்குப் போட்டீங்க? மத்த வருசம் போடலையே?"

"போன வருசம் ரெண்டு பேரோட ஆட்டோ ரிப்ளை சண்டை போட்டு சர்வர் படுத்துருச்சுல்லண்ணே. அதான்."

"ஆமா, யாரு அந்தக் கிறுக்கனுக?"

"ஒண்ணு திண்டுக்கல் ஜேம்ஸ் சாரோடது. இன்னொண்ணு..." என்று பழைய பதிவைத் திறந்தேன். 'அழகருக்குப் போயிருக்கேன். வந்து பேசுறேன். மொக்கச்சாமி, செக்கானூரணி.' ஆயிரக்கணக்கான தடவை, ஒன்றன்கீழ் ஒன்றாக.

அண்ணன் திரையை உருட்டிக்கொண்டே போனார். முடிவு வரவில்லை. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அடப்பாவி மனுசா! இம்புட்டுக்கும் நான்தான் காரணமா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் பதறிப்போய், "விடு தாயி, விடு. உன்னைய வைய வரலேன்னு வச்சுக்க. ஆனா இந்த வெளங்காத விதிய மாத்தாம நான் விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

6. டயர் கடை மாடி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் காளவாசலில் கூட்டம். வழக்கமாகப் பதினைந்து பேர் வந்தால் அதிகம். அன்று நாற்பதுக்கு மேல். நாற்காலி போதாமல் புது டயர்களை மேலே ஏற்றி அடுக்கி உட்கார்ந்திருந்தார்கள். கீழே பஸ்களின் ஹாரன் சத்தத்தில் பாதிப் பேச்சைக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

திண்டுக்கல்லில் ஐ.எஸ்.பி. நடத்திய ஜேம்ஸ் முதலில் எழுந்தார். "விதில தப்பு ஒண்ணும் இல்ல. கடிதத்தை நிப்பாட்டுனது அட்மின். அட்மினை மாத்திட்டு மறுபடி அறிவிச்சாப் போதும்."

சிலர் தலையாட்டினார்கள். நான் எதிர்பார்த்ததுதான். ராஜினாமாக் கடிதத்தைக் கைப்பையில் எழுதியே வைத்திருந்தேன். கைப்பையின் ஜிப்பைத் திறக்கும்போது மொக்கச்சாமி அண்ணன் எழுந்துவிட்டார்.

"அந்தத் தங்கச்சி மறந்துருச்சு. மறந்துட்டேன்னு அதுவே சொல்லிருச்சு. ஆள மாத்துனா அடுத்த ஆளுக்கு மறதி வராதா? நான் கேக்குறது வேற. ஒருத்தன் மூணு நாளு பேசலன்னா அவன் ஒத்துக்கிட்டான்னு எப்படி எடுத்துக்கிறீங்க? ஊர்ல இல்லையோ, கரண்டு இல்லையோ, லைன் செத்துப் போச்சோ, இல்ல இவங்க என்னமோ பண்ணிட்டுப் போறாங்கன்னு வெறுத்துப் போயி இருக்கானோ. இம்புட்டையும் நம்ம சரின்னு எழுதிக்கிட்டோம். நாலு வருசமா."

கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த சாரைப் பார்த்தேன். அவர் தன்னுடைய விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"சரி. மாத்துறதா இருந்தா வார்த்தை வார்த்தையா மாத்துவோம். பொதுவாப் பேசிட்டுக் கலைய வேண்டாம்" என்றார்.

மூன்று மணி நேரம் ஆனது. நிற்கிறவர்களில் தனக்கு வேண்டியவரின் பெயரை ஒவ்வொருவரும் வாய் திறந்து சொல்ல வேண்டும், பேசாதவர்களை எந்தப் பக்கமும் சேர்க்கக் கூடாது, உறுப்பினர்களில் பாதிப் பேராவது பேசாவிட்டால் தேர்தலே செல்லாது என்று முதலில் முடிவானது. ரகசிய ஓட்டா, வெளிப்படையா என்பதில் பெரிய சண்டை. ரகசியம்தான் நல்லது என்று பிரவுசிங் சென்டர்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். லைன் கொடுக்கிறவரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்பது அவர்கள் கவலை. அது நியாயமான கவலைதான். கடைசியில் அண்ணன் சொன்னதுதான் எடுபட்டது. "ஒளிச்சுப் போட்டா ஒரு பெட்டி வேணும். பெட்டிக்குப் பூட்டு. பூட்டுக்குச் சாவி. சாவி யாரு கையிலங்கிற சண்டைதான இப்ப இங்க நடக்குது? லிஸ்ட்லயே போடுவோம். எல்லாரும் எண்ணிக்கிறட்டும்."

சாவி என்றதும் என் பேச்சு வந்தது. நான் எழுந்து, "லிஸ்ட்டுக்கு இன்னொரு அட்மின் வேணும். எங்க காலேஜ் ஆளா இருக்கக் கூடாது. ஹோல்ட் போட்டா ரெண்டு பேருக்கும் தெரியணும்" என்றேன். ஜேம்ஸையே இரண்டாவது அட்மினாகப் போட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

தொடர்ந்து இரண்டு முறைக்குமேல் ஒருவரே தலைவராக இருக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அப்படியானால் சார் நிற்கவே முடியாது. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவருக்குப் போட்டியே இல்லாமல் போய்விடும்.

"அது இன்னைல இருந்து கணக்கு" என்றார் அண்ணன். "சாரை விதி போட்டு வெளிய அனுப்புறதுக்கு நான் வரல. அவரு நிக்கட்டும். நானும் நிக்கிறேன். தோத்தா தோத்துட்டுப் போறேன்."

கடைசி விதி திருவிழாவைப் பற்றியது. எதிர்சேவையிலிருந்து அழகர் மலைக்குத் திரும்பும்வரை தேர்தல் கடிகாரம் ஓடாது. சார் அதை எழுதிக்கொண்டே தலையை நிமிர்த்தினார். "மலைக்குத் திரும்புற வரைக்கும்னா எதுவரைக்கும்? அழகர்கோவில் கோட்டை வாசலா, இல்ல சந்நிதிக்குள்ள போயி உக்கார்ற வரைக்குமா? விதின்னா தெளிவா இருக்கணும்."

மாடியே சிரித்தது. சாரும் சிரித்தார். அந்த ஒரு வாரத்தில் நான் நன்றாக மூச்சு விட்டது அப்போதுதான். 'சந்நிதிக்குள்' என்றே எழுதினார்கள். இன்றைக்கும் அந்த விதிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

7. பதினேழு வரி

புது விதிப்படி பத்து நாள் தேர்தல் நடந்தது. அறுபத்தோரு பேரில் நாற்பத்தாறு பேர் பேசினார்கள். நான்கு வருடத்தில் லிஸ்ட்டில் ஒரு கடிதம்கூட எழுதாதவர்கள் எல்லாம் வந்து ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள். நான் தினமும் நாலு தடவை ஹோல்டைத் திறந்து பார்த்தேன். ஜேம்ஸ் ஐந்து தடவை பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டு, "காலியா இருக்கு மேடம், உங்களுக்கும் காலியாத்தான இருக்கு?" என்பார்.

நானும் உறுப்பினர். வெளிப்படையாக எழுத வேண்டும். ஒதுங்கிவிடலாமா என்று ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன். பேசாதவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கை தூக்கிவிட்டு நானே பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம்? பத்தாம் நாள் எழுதினேன். "மொக்கச்சாமி. காரணம், செக்கானூரணி விண்ணப்பம் ஒரு வருடமாக நிற்கிறது." அனுப்புகிற பட்டனை அழுத்தும்போது ஜூன் மாதம்தான் கண் முன்னால் நின்றது.

இருபத்தொன்பதுக்குப் பதினேழு என்று அண்ணன் ஜெயித்தார். அந்த வருட ரிசல்ட்டுக்கு முகவரி போய்ச் சேரவில்லை. மறுபடி பெற்றவர்கள் வந்து திட்டினார்கள். அதற்கு அடுத்த மாதக் கூட்டத்தில் கிடைத்தது. தன்னுடைய விண்ணப்பம் வந்தபோது அண்ணன் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து, "சார், இந்த ஒண்ணுக்கு மட்டும் நீங்க உக்காருங்க" என்று சாரைக் கூப்பிட்டார். மறு வருடம் முந்நூறு வீட்டிலும் மார்க் தெரிந்தது.

தேர்தல் முடிந்த மறுநாள் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மேஜையில் என் ஃபைல் திறந்திருந்தது. கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"உன்னோட ஓட்டையும் படிச்சேன். காரணம் எழுதியிருந்த. சரியாத்தான் இருந்துச்சு" என்றார். நான் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதி.

"பிரிண்டர்ல ஒரு தாள் கெடக்கும், எடுத்துத் தாம்மா" என்றார். எடுத்தேன். அவருக்கு வந்த ஓட்டுகள், பெயரோடு, பதினேழு வரி. அண்ணனுக்கு வந்ததைச் சார் பிரிண்ட் எடுக்கவில்லை, இதை மட்டும்.

சார் அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே போனார். "நாலு வருசம் தலைவரா இருந்தேன் மீரா. ஒருத்தர்கூட என்னை வேணும்னு சொன்னதில்ல. வேண்டாம்னு சொல்லல, அம்புட்டுத்தான். இப்பத்தான் பதினேழு பேரு சொல்லியிருக்காங்க" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இருபது வருடம் பல இடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். கடைசி நாள்வரை காலையில் வந்ததும் முதலில் திறந்தது ஹோல்டைத்தான், டீயெல்லாம் அப்புறம்தான். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள், "நேத்தே சொல்லிட்டேன் மேடம், யாரும் ஒண்ணும் சொல்லல" என்று வந்து நிற்பார்கள். அவர்களிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "யாரு சரின்னு சொன்னா? பேரைச் சொல்லு."